ஷூ டப்பாவுக்குத் தெரிந்த குரல்

முரளி,

நீ அனுப்பிய மெசேஜைப் படித்தேன். திங்கட்கிழமை ஷாஹிதா டீச்சர் வருவார், அந்தப் பழைய பெட்டியைக் கொடுத்துவிடு, பள்ளிக்கூடத்தில் கண்ணாடி அலமாரி செய்து அதில் வைக்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கீழே சிரிக்கிற பொம்மை ஒன்று. நானும் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையை அனுப்பினேன். உனக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. ஃபோனில் அடிக்கப் போனால் என் விரல் ஒரு எழுத்தைத் தொடும்போது பக்கத்து வீட்டு எழுத்து எட்டிப் பார்க்கிறது. அதனால் பேனாவை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஜரீனா அக்காவின் மருமகள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். பிடிக்கும்போது அவள் படிப்பாள். படிக்கட்டும். நீ பரிசு வாங்கியபோது பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டி ஊரே நம்மைப் பார்த்தது. இதையும் பார்த்தால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

டீச்சர் வந்தார். டீ குடித்தார். வெறுங்கையோடு திரும்பிப் போனார். பெட்டி இருந்த இடத்திலேயே, டிவிக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் மேல் கோபப்படாதே. அவர் பை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் வந்தார். ஏன் எடுத்துப் போகவில்லை என்பதை ஒரு வரியில் சொல்ல முடியாது. முதலிலிருந்து சொன்னால்தான் உண்டு. உனக்குத் தெரிந்த கதைதான் பாதி. மீதிப் பாதி உனக்குத் தெரியாது, ஏனென்றால் அது நீ இல்லாதபோது நடந்தது.

டேனரியில் நான் ஷேவிங் மிஷினில் நின்றவன். பதம் போட்ட தோலைச் சீவி ஒரே தடிமனுக்குக் கொண்டுவருகிற மிஷின். அது ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அங்கே எல்லாம் கைப்பாஷைதான். இரண்டு விரலை ஒட்டிக் காட்டினால் இன்னும் மெலிசாகச் சீவு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ வந்துவிட்டது. மூக்கைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். அந்த மிஷின் என் காதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. ஒரே நாளில் வாங்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். முதலில் கொசுவின் சத்தம் போனது, அதற்காக யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அப்புறம் எதிர்வீட்டு டிவி போனது, அதுவும் நல்லதுக்குத்தான். அப்புறம் ஒருநாள் உன் அம்மாவின் வளையல் சத்தம் இல்லை என்று கவனித்தேன், கழற்றி வைத்துவிட்டாயா என்று அவளிடம் கேட்டேன். அவள் கையை ஆட்டிக் காண்பித்தாள், வளையல் கையில்தான் இருந்தது. நீ ஆறாவது படிக்கும்போது அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் வீட்டில் நீயும் நானும்தான்.

என் கைப்பாஷையை நீ இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டாய். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் காலை ஓங்கி உதைப்பாய், சிமெண்ட் தரை அதிர்ந்து எனக்குத் தெரியும். குழம்பில் உப்பு கம்மி என்பதற்கு நாக்கை நீட்டிக் காட்டுவது நீயாகக் கண்டுபிடித்தது. வெளியாள் பார்த்தால் பையன் அப்பனைப் பழிக்கிறான் என்று நினைத்திருப்பான். ஆனால் ஒன்று மட்டும் நீ விடவில்லை. எனக்குக் கேட்காது என்று தெரிந்தும் காலை உதைக்கும்போது வாயைத் திறந்து "நைனா" என்று கூப்பிடுவாய். தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லாம் அப்பா, டாடி என்று மாறிவிட்டார்கள். நீ மாறவில்லை. உன் உதடு அந்த வார்த்தைக்கு எப்படி மடங்கும் என்று எனக்கு மனப்பாடம்.

அந்த மழை நாள் நினைவிருக்கிறதா? நீ எட்டாவது. டியூஷனிலிருந்து சாயங்காலம் வந்தாய். பூனை வந்து பாலை உருட்டுகிறது என்று நான் கதவைத் தாழ்போட்டுவிட்டுப் பின்பக்கம் சமைத்துக்கொண்டிருந்தேன். நீ கதவைத் தட்டியிருக்கிறாய், கூப்பிட்டிருக்கிறாய், கல்லை எடுத்துக் கதவில் இடித்திருக்கிறாய். ஜரீனா அக்கா தன் வீட்டுக்கு வரச் சொல்லியும் போகவில்லையாம், நைனா இப்போது திறப்பார் என்று சொன்னாயாம். எனக்கோ உள்ளே கோபம் ஏறிக்கொண்டிருந்தது. இருட்டப்போகிறது, இந்தப் பையன் எங்கே சுற்றுகிறான் என்று குடையை எடுத்துக்கொண்டு உன்னைத் தேடக் கிளம்பினேன். கதவைத் திறந்தால் படியில் நீ உட்கார்ந்திருந்தாய். புத்தகப் பையை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்து, புத்தகம் நனையாமல் நீ நனைந்துகொண்டிருந்தாய். நான் திட்ட வாயெடுத்தேன். நீ தலையைத் தூக்கி, "கூப்ட்டுனேதான் இருந்தேன் நைனா" என்றாய். அன்றைக்கு உன் தலை காய்ந்த பிறகும் விடாமல் துவட்டிக்கொண்டே இருந்தேன். குளிர் என்று சொன்னேன்.

அடுத்த வருஷம் டீச்சர் கம்ப்யூட்டர் போட்டி என்று சொன்னபோது மற்ற பிள்ளைகள் ரோபோ செய்யலாம், விளையாட்டு செய்யலாம் என்றார்களாம். நீ மட்டும் எங்கள் நைனாவுக்குக் கதவு தட்டினால் தெரிகிற மாதிரி ஒன்று செய்யலாம் என்று சொன்னாயாம். உன்னோடு ரிஸ்வானும் பிரவீனும் சேர்ந்தார்கள். ரிஸ்வானின் அண்ணன் செல்ஃபோன் ரிப்பேர் கடையிலிருந்து மைக், பிரவீனின் மாமா பழைய சீரியல் செட்டிலிருந்து பல்பு, டீச்சர் சொந்தமாக வாங்கிக் கொடுத்த கையகல கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் வைக்க ஒரு பெட்டி வேண்டுமே. ஆம்பூரில் பஞ்சமில்லாத பொருள் ஷூ டப்பா. அதன் மூடியில் நான்கு ஓட்டை போட்டீர்கள். குக்கர் விசிலுக்குச் சிவப்பு, கதவு தட்டினால் நீலம், தண்ணீர் தொட்டி வழிந்தால் பச்சை, நீ "நைனா" என்று கூப்பிட்டால் மஞ்சள்.

எந்தச் சத்தம் எது என்று அதற்கு எழுதிக் கொடுக்க முடியாது, விதவிதமாகக் கேட்கவைத்தால் அதுவே புரிந்துகொள்ளும் என்று சைகையிலும் சிலேட்டிலும் எனக்கு விளக்கினாய். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டில் நடந்த கூத்து இருக்கிறதே! நீ வாசலில் நின்று நைனா என்பாய். சமையலறையில் நின்று நைனா என்பாய். கோபமாக ஒன்று, கெஞ்சி ஒன்று, வாயில் இட்லியோடு ஒன்று, ஃபேனைப் போட்டு ஒன்று, நிறுத்தி ஒன்று. நான் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து நீ என்னைக் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜரீனா அக்கா பொறுக்க முடியாமல் வந்து என் முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். "புள்ள காலைல இருந்து தொண்ட கிழிய கூப்புடுது, நீ இன்னா சாமி மாதிரி உக்காந்துனு இருக்கற? ஒரு தடவ இன்னாடான்னு கேட்டா கொறஞ்சா பூடுவ?"

அதில் ஒரு சிக்கல் வந்தது. நம்ம ஊரில் தக்காளி விற்கிறவனும் "வா நைனா, வெல கம்மி" என்பான். அவனுக்கெல்லாம் மஞ்சள் எரிந்தால் நான் நாள் முழுக்க வாசலுக்கு ஓட வேண்டியதுதான். அதனால் தெருவில் இருக்கிற ஆம்பளைகளைப் பிடித்து வந்து உட்காரவைத்து நைனா சொல்லவைத்தாய். தக்காளிக்காரர், ரிஸ்வானின் அத்தா, ஆட்டோ ஓட்டுகிறவர், என்னோடு மிஷினில் நிற்கிற மணி, கடைசியில் நானும்கூட. இந்தக் குரல் எல்லாம் வேண்டாம், இவன் குரல் மட்டும்தான் என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். பெரிய ஆம்பளைக் குரல் எதுவும் அதன் மனசைத் தொடக் கூடாது. அதுவும் நன்றாகப் படித்துக்கொண்டது. முதல்முறை மஞ்சள் எரிந்து நான் திரும்பிப் பார்த்தபோது நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். நீ காலை உதைக்கவில்லை. தூரத்தில் இருந்து கூப்பிட்டாய், நான் திரும்பினேன், அவ்வளவுதான். எல்லா வீட்டிலும் தினமும் நடக்கிற விஷயம். நம் வீட்டில் அது நடந்ததும் நீ உள்ளே ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். வேலூரில் ஜெயித்து, சென்னையில் ஜெயித்து, பாங்காக்கில் பல நாட்டுப் பிள்ளைகளோடு நின்று உங்கள் வயதுப் பிரிவில் இரண்டாம் இடம். பிளேனில் ஷூ டப்பாவைக் கொண்டுபோகும்போது ஏர்போர்ட்டில் திறந்து பார்த்துவிட்டு, ஷூ எங்கே என்று கேட்டார்களாம். திரும்பி வந்ததும் மேளம், பேனர், பொன்னாடை. டேனரி முதலாளி மேடையில் எனக்கும் ஒரு பொன்னாடை போட்டார். யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் தட்டும்போது நானும் கை தட்டினேன். ஒருதடவை என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் போல, என்னைப் புகழ்ந்ததற்கு நானே பலமாகத் தட்டிவிட்டேன். நீ குனிந்து சிரித்தாய்.

அந்தப் பரிசு உனக்குக் கோயம்புத்தூரில் தங்கிப் படிக்கிற பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தது. பத்தாவதுக்கு அங்கே போனாய். அங்கிருந்து பெரிய காலேஜ், அங்கிருந்து வேலைக்கு ஜெர்மனி. நான் சீவிய தோல் எப்போதோ அந்த ஊருக்குப் போயிருக்கும், இப்போது என் பிள்ளையும் போய்விட்டான் என்று டேனரியில் சொல்லிப் பெருமை அடித்தேன். பொய்ப் பெருமை இல்லை, உண்மையான பெருமை. அதையும் எழுதி வைக்கிறேன், அப்புறம் நான் அழுவதற்குத்தான் கடிதம் எழுதினேன் என்று நினைக்காதே.

பதினொன்றாவது படிக்கும்போது பொங்கல் லீவுக்கு வந்தாயே, அன்றைக்கு நான் டிவிக்கு எதிரில் மஞ்சள் பல்பையே பார்த்து உட்கார்ந்திருந்தேன். பஸ் வருகிற நேரம் தாண்டியது. பல்பு எரியவில்லை. கடைசியில் நீலம் எரிந்தது. யாரோ தட்டுகிறார்கள் என்று போய்த் திறந்தால் நீ. என்னைவிட ஒரு சாண் உயரமாக, உதட்டுக்கு மேலே கறுப்புக் கோடோடு. நீ உள்ளே வந்து பெட்டியைப் பார்த்துக் கூப்பிட்டாய், திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். அது கல் மாதிரி இருந்தது. அப்புறம் நீ தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாய். குரல் உடைந்துவிட்டது, பெட்டிக்கு உன்னைத் தெரியவில்லை, நீயும் இப்போது தக்காளிக்காரர் பக்கம் சேர்ந்துவிட்டாய் என்று சிலேட்டில் எழுதினாய். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளே வேறு ஒன்று இடித்தது. உன் குரல் உடைந்தது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. ஹாஸ்டலில் கூட இருந்த பையன்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டிக்குக்கூட ஏதோ மாறிவிட்டது என்று தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. லீவு முடிவதற்குள் புதுக் குரலைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன் என்றாய். பரீட்சை வந்தது, போய்விட்டாய். அடுத்த லீவில் என்றாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

எனக்குக் கேட்காது என்பதால் நீ மெசேஜ் அடிக்க ஆரம்பித்தாய். நியாயம்தான். அப்புறம் முதல் சம்பளத்தில் எனக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாய். வேலூரில் போய் அளவெடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தலை சுற்றியது, இத்தனை ஹாரன் இந்த ஊரில் இருக்கிறதா என்று. அன்று சாயங்காலம் நீ வீடியோவில் வந்து, "நைனா, கேக்குதா?" என்றாய். கேட்டது. யாரோ ஒரு பெரிய ஆள் உன் வாயை வாடகைக்கு எடுத்துப் பேசுகிற மாதிரி இருந்தது. நல்ல கனமான குரல். உன் அம்மாவின் தம்பி குரல் மாதிரி. எனக்குத் தெரிந்த உன் குரல், காது முழுசாகப் போவதற்கு முன்னால் கேட்ட சின்னப் பையன் குரல். அந்தப் பெட்டிக்கும் எனக்கும் ஒரே முரளியைத்தான் தெரியும். கேக்குது, கேக்குது என்று தலையை ஆட்டினேன். நீ சந்தோஷப்பட்டாய். கொஞ்ச நாள் கூப்பிட்டாய், அப்புறம் கை பழக்கத்தில் மறுபடியும் மெசேஜ்.

இடையில் ஒருநாள் நீ ஏதோ சொன்னாய். லைன் சரியில்லை. இன்னா சொன்ன என்றேன். திரும்பச் சொன்னாய். அதுவும் பிடிபடவில்லை, மறுபடி கேட்டேன். "ஒண்ணும் இல்ல, வுடு நைனா" என்றாய். இதற்காக உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் வேறு புத்தி எதுவும் கிடையாது. உன்னிடம் யாராவது இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்ன சொன்னாய் என்று கேட்டால், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதே. நாளைக்கு உன் பொண்டாட்டி கேட்பாள், உன் பிள்ளை கேட்கும், உன்கூட வேலை செய்கிற ஊர் பாஷை தெரியாதவன் கேட்பான். சலித்துக்கொள், கத்து, எழுதிக் காட்டு, பரவாயில்லை. ஒண்ணும் இல்லை என்று சொன்னால் கேட்டவன் வெளியே நிற்கிறான், கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது என்று அர்த்தம். மழையில் படியில் உட்கார்ந்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீ சின்ன வயதில் ஒருதடவைகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது உனக்குத் தெரியாத பாதி. காது மிஷின் பீரோவில் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது போடுகிறேன். இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன், அங்கே பேச்சு உண்டு. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுகிறேன். நீ கேட்டபோதெல்லாம் போட்டிருக்கிறேன் என்று சொன்னது பொய். ஏன் என்றால், காது கேட்காமல் இருந்தவரை வீடு அமைதியாக இருப்பதற்கு என் காதுதான் காரணம். யாராவது கூப்பிட்டிருப்பார்கள், எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஃபேன் சத்தம் கேட்கிறது, ஃபிரிட்ஜ் முனகுவது கேட்கிறது, ஜரீனா அக்கா வீட்டில் பேரப்பிள்ளைகள் அடித்துக்கொள்வது கேட்கிறது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பது தெளிவாகக் கேட்கிறது. தனியாக இருக்கிறது, முரளி. இதை உன்னிடம் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இவ்வளவு நாள் கட்டைவிரல் பொம்மை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாங்காக் மேடையில் நீங்கள் பெட்டியை இயக்கிக் காட்டிய வீடியோவை டீச்சர் அப்போதே என் ஃபோனில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அதில் நீ பெட்டியிலிருந்து தள்ளிப் போய் நின்று, அத்தனை வெளிநாட்டுக்காரர்கள் நடுவே, நம் வீட்டுச் சமையலறையில் கூப்பிடுகிற மாதிரியே "நைனா" என்று கூப்பிடுவாய். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன். எதிரில் சுவரில் மஞ்சள் எரிந்தது. கையில் சோறோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். கதவைத் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் புத்திக்கு உறைத்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு அந்த வீடியோவைப் போடுகிறேன். நீ கூப்பிடுவாய், பல்பு எரியும், அப்புறம் டீ போடுவேன். சிலர் சாமிக்கு விளக்கேற்றுவார்கள். எனக்கு இது. இந்தப் பெட்டியைத்தான் நீ அலமாரிக்குக் கொடுக்கச் சொன்னாய்.

ஆனாலும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நாளைக்கு வேறு ஒரு டேனரிக்காரன் பிள்ளை அதைப் பார்த்து ஏதாவது செய்யும். பெட்டியைக் கழற்றித் துடைக்கக்கூடச் செய்தேன். டீச்சர் வரும்போது மரியாதைக்குக் காது மிஷினை மாட்டிக்கொண்டேன். கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒருதடவை ஆணியில் மாட்டி வீடியோவைப் போட்டுக் காட்டினேன். நீ கூப்பிட்டாய், மஞ்சள் எரிந்தது. டீச்சர் சிரித்தார். வீடியோ அதோடு முடிவதில்லை அல்லவா? அதற்கப்புறம் நரைத்த தலை நடுவரம்மா ஒருத்தர் ஏதோ கேட்பார், நீ ஏதோ சொல்வாய், எல்லாரும் சிரித்துக் கை தட்டுவார்கள். இத்தனை வருஷமாக நீ ஏதோ ஜோக் அடித்திருக்கிறாய் என்று நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ், அதுவும் கேட்காத காது. அன்றைக்கு டீச்சர் பக்கத்தில் இருந்ததால், அந்தம்மா இன்னா கேக்கறாங்க என்று கேட்டேன்.

டீச்சர் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "இந்த பையன் கொரல் இன்னும் ஒரு வருஷத்துல ஒடஞ்சிடும், அப்ப இந்த பெட்டிக்கு இவன தெரியாதே, இன்னா பண்ணுவான்னு கேக்கறாங்க."

"இவன் இன்னா சொன்னான்?"

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "'கொரல் மாறினா மறுபடியும் உக்காந்து சொல்லிக் குடுப்பேன். நான் எங்க போயிடப் போறேன், எங்க நைனாகூடதான இருப்பேன்'னு சொல்றான்."

ஃபிரிட்ஜ் முனகியது. டீச்சர் டீயை முடித்துவிட்டுப் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அலமாரி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, அவசரம் இல்லை, அவன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அலமாரி முடிந்து பெயிண்ட் காய்ந்துவிட்டது என்று வந்தவுடன் அவரே சொல்லியிருந்தார்.

ஒன்பதாவது படிக்கிற பிள்ளை மேடையில் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உன்னை அங்கிருந்து இழுக்க நான் இதை எழுதவில்லை. நீ போனது சரி. போகவில்லையென்றால் நானே உன்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அந்த வயதில் உனக்குத் தெரியாது, ஜெயிப்பதும் வீட்டில் இருப்பதும் சில நேரம் ஒரே பையனுக்குக் கிடைப்பதில்லை என்று. எனக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்கு மேடையில் அவ்வளவு பலமாகக் கை தட்டியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தட்டியிருப்பேன். இன்னும் பலமாகவே தட்டியிருப்பேன்.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. லீவு கிடைக்கும்போது வா. கூடுதலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிக்கொண்டு வா. பெட்டியை இறக்கி மேஜையில் வைப்போம். ரிஸ்வானையும் பிரவீனையும் முடிந்தால் கூப்பிடலாம், இல்லையென்றாலும் சரி. நீ வாசலில் நின்று கூப்பிடு, சமையலறையில் நின்று கூப்பிடு, கோபமாக, கெஞ்சி, வாயில் இட்லியோடு, ஃபேன் ஓட, ஃபேன் நிற்க. உன் புதுக் குரலை அதற்குச் சொல்லிக் கொடு. பழைய நாற்காலியில் நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன், இந்தத் தடவை காதில் மிஷினோடு. எனக்கும் அந்தக் குரல் புதுசுதான், நானும் படித்துக்கொள்கிறேன். அது முடிந்ததும் பெட்டியைத் தாராளமாக அலமாரிக்குக் கொடுத்துவிடலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெட்டி சீக்கிரமாகக் கற்றுக்கொண்டுவிட்டால், இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, மறுபடி கூப்பிடு என்றுதான் நான் சொல்வேன்.

உன் நைனா